சம்பந்திமார் போன கப்பல்

பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முன்னாலேயே பெற்றவர்கள் நாலு பேரும் தேனிலவு போய்வந்துவிட்டோம் என்று கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போய்வந்தது உண்மைதான்.

என் மகள் ஷெரினும் வெள்ளவத்தைப் பையன் துவாரகனும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். நாங்கள் கத்தோலிக்கர். அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், கொழும்புக்கு வந்து நெடுங்காலம். பிள்ளைகளின் விருப்பத்துக்கு இரண்டு வீட்டிலும் யாரும் குறுக்கே நிற்கவில்லை. அவர்கள் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, துவாரகனின் அம்மா மகேஸ்வரி, "எங்களுக்கு ஒரு விருப்பம்தான். தாலி கோயிலில கட்டோணும்" என்றார். "எங்களுக்கும் அதுதான், கோயில்லதான் கட்டணும்" என்றேன் நான். எல்லோரும் சந்தோஷமாகக் கேக் சாப்பிட்டோம். அவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் அன்டன், "அது சரி, எந்தக் கோயில்?" என்று கேட்டார்.

எங்கள் பேச்சில் மாதா கோயிலும் கோயில்தான், முருகன் கோயிலும் கோயில்தான். கேக் சாப்பிடும்வரை அது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு இடத்திலும் இரண்டு சடங்கு வைக்கலாம், கொழும்பில் அது புதிதில்லை. ஆனால் தாலி ஒருதடவைதான் கட்டலாம். எங்கள் பக்கத்திலும் பங்குச் சுவாமி ஆசீர்வதித்துத் தந்த தாலியைப் பீடத்துக்கு முன்னால்தான் கட்டுவது. நானும் விடவில்லை, மகேஸ்வரியும் விடவில்லை. மாதக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் இடையே கதை பேச்சு இல்லை. கடைசியில் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். மண்டபத்துக்குக் கட்ட வைத்திருந்த முற்பணத்தில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஓர் உல்லாசக் கப்பலில் எங்கள் நாலு பேருக்கும் இடம் எடுத்தார்கள்.

"நீங்க நாலு பேரும் போங்க. ஒரு முடிவோட வாங்க" என்றாள் ஷெரின். "முடிவில்லாம வந்தீங்கன்னா, நாங்க ரெண்டு பேரும் ரெஜிஸ்ட்ரார்கிட்ட போய் சைன் வச்சிட்டு வந்திருவோம்."

துவாரகனும் அதையேதான் தன் வீட்டில் சொல்லியிருக்கிறான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மகேஸ்வரி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். அப்படித்தான் விமானம் ஏறினோம்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில், கப்பலில் ஏறும் முன்னரே முதல் பிரச்சினை வந்தது. மகேஸ்வரியின் கணவர் சிவராசா வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கப்பலில் கோப்பி விலை கூட என்று எங்கேயோ வாசித்துவிட்டு, பெட்டிக்குள் ஒரு சின்ன மின்சாரக் கேத்தலும் தேயிலையும் பால்மாவும் கொண்டுவந்திருந்தார். பாதுகாப்புப் பெண், தீப்பிடிக்கக்கூடிய சாமான் என்று சொல்லி, கேத்தலைத் தூக்கி ஒரு மேசையில் வைத்துவிட்டாள். அந்த மேசையில் ஏற்கனவே பல நாட்டுக் கேத்தல்கள் வரிசையாக இருந்தன. நம்மைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று எனக்கு ஓர் ஆறுதல். சிவராசாவுக்கு இல்லை.

"விடிய எழும்பினவுடன தேத்தண்ணி இல்லாமல் மனுசர் எப்பிடி இருக்கிறது?" என்று மகேஸ்வரி கேட்டார். அவர் கேட்டது கணவரை.

உள்ளே போனதும் ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே காசு. எதை வாங்கினாலும் அட்டையைக் காட்டினால் போதும், கணக்கு அறைக்குப் போய்விடும். சாப்பாடு இனாம், கடையில் போடும் கோப்பிக்குக் காசு. தண்ணீர் இனாம், போத்தலில் வந்தால் காசு. கடல் இனாம். "காசைக் கையில எடுக்காட்டி செலவழிச்ச மாதிரியே இருக்காது. அதுதான் இவையின்ர கெட்டித்தனம்" என்றார் சிவராசா, தன் அட்டையைச் சட்டைப் பையின் அடியில் போட்டுக்கொண்டே. இணையத்துக்கும் தனிக் கட்டணம் என்று தெரிந்தபோது நாலு பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம், வேண்டாம் என்று. அந்தப் பயணத்தில் எங்களுக்குள் வந்த முதல் உடன்பாடு அதுதான்.

அன்டனுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுக்கக் கப்பல்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர், கப்பலுக்குள் வருவது இதுதான் முதல்தடவை. கம்பியைப் பிடித்தபடி சிங்கப்பூர்ப் பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கப்பல் நகர்ந்ததைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நாள் முழுக்கக் கடல். எனக்கு விடியும் முன்னே விழிப்பு வந்துவிடும். அறையில் விளக்கைப் போட்டால் அன்டன் முனகுவார் என்று செபமாலையை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தது தவறு. கப்பலில் பாதிப் பேர் எழுந்திருந்தார்கள். ஒரு சீனக் கூட்டம் மெதுவாகக் கைகளை அசைத்து உடற்பயிற்சி செய்தது. நடைபாதையில் ஆட்கள் வட்டமாக நடந்தார்கள், ஏதோ ஒபிஸுக்கு நேரமாகிவிட்டதுபோல. நீச்சல் குளத்தைச் சுற்றி வேறொரு கூட்டம், கதிரை பிடிக்கிற கூட்டம். துவாயை விரித்து, அதன்மேல் ஒரு புத்தகமும் ஒற்றைச் செருப்பும் வைத்துவிட்டுத் திரும்பப் போய்த் தூங்குகிறார்கள். வெள்ளைக்காரக் கணவன் ஒருவர் மனைவியிடம் சொன்னார்: "நேற்று நிழல் கிடைக்கவில்லை என்று பகல் முழுக்கத் திட்டினாய். இதோ நிழல். இனி திட்டுவதற்கு வேறு ஏதாவது கண்டுபிடி." கண்டி பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற எங்கள் ஆட்களை இனி நான் குறை சொல்லப்போவதில்லை.

அங்கே பானங்கள் வரும் யந்திரத்துக்கு முன்னால் மகேஸ்வரி நின்றார். குளித்து, விபூதி பூசி, பருத்திச் சேலை கட்டி, கையில் வெறும் கோப்பையோடு. யந்திரத்தில் பல பொத்தான்கள். எதை அழுத்தினாலும் கோப்பியே வந்தது. அவருக்குப் பக்கத்தில் மூன்று கோப்பைக் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"இது கோப்பி மெஷின். தண்ணி அங்க" என்றேன். பக்கத்திலிருந்த சுடுதண்ணீர்க் குழாயைக் காட்டி, இரண்டு தேயிலைப் பையை ஒரே கோப்பையில் போட்டுச் சாயத்தை இறக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் இளகியது.

"நீங்கள் ஏன் இவ்வளவு வெள்ளண்ண எழும்பினனீங்கள்?"

"செபமாலை சொல்றதுக்கு. வீட்டிலன்னா காலம பூசைக்குப் போயிருவேன்."

"நானும் பூசைக்குத்தான் எழும்பினனான். அறைக்குள்ள கற்பூரம் கொளுத்த விடமாட்டினமாம்."

எங்கள் இரண்டு பேருக்கும் பூசையும் ஒரே சொல்தான். இருவரும் அதைக் கவனித்தோம். ஆனால் கோயில் என்ற சொல்லால் பட்டது போதும் என்று அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சூரியன் வரும்வரை கடலைப் பார்த்தோம். நான் மணிகளை உருட்டினேன். அவர் வாய்க்குள் ஏதோ தேவாரம் சொன்னார்.

காலைச் சாப்பாடு பற்றிச் சொல்லவேண்டும். முட்டைப் பொரியல் வரிசை எங்கள் சந்தையில் மீன் வரிசை மாதிரி. ஆளுக்கொரு குரல்: வெங்காயம் போடாதே, மிளகாய் போடு, இன்னும் போடு. ஒரு குஜராத்திக் குடும்பம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயைக் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து, ஒருவர்பின் ஒருவராகத் தட்டுக்குள் வைத்தது. சம்பல் இல்லாத பாணை எப்படி விழுங்குவது என்று அன்டன் யோசிப்பதைப் பார்த்து, அந்தக் குடும்பத்து அம்மா அவர் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தார். மகேஸ்வரிக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. தட்டில் முலாம்பழமும் பாணும் மட்டும் வைத்திருந்தார். நான் சமையற்காரரிடம் போய்ப் பேசி, முட்டை படாத தாச்சியில் உருளைக்கிழங்கு வதக்கி வாங்கி வந்தேன். "ஏன் வீண் கரைச்சல்" என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

ஒலிபெருக்கி ஓயவே இல்லை. இன்று மட்டும் மசாஜ் பாதி விலை. இன்று மட்டும் கைக்கடிகாரம். இன்று மட்டும் பிங்கோ. நாளைக்கும் இன்று மட்டும்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அன்டன் குடை குத்திய ஒரு நீலநிறப் பானத்தை அட்டையைக் காட்டி வாங்கிவந்தார். "வாழ்க்கையில ஒருதரம், ரீட்டா" என்றார். அந்த ஒருதரம் அன்றைக்கே மூன்று தரம் வந்தது.

சிவராசா சாப்பிட்டு முடிந்ததும் எங்கேயோ காணாமல் போனார். "இவர் வாசிக்கப் போயிருப்பார், இனாமாப் பேப்பர் இருக்கிற இடம்" என்றார் மகேஸ்வரி. இரண்டு பேருமாக நீச்சல் குளத்துப் பக்கம் நடந்தோம். பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு பிலிப்பைன்ஸ் பெண் ஒலிவாங்கியோடு நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்திருபது பேர் வரிசையாக நின்று வலது கால், இடது கால், திரும்பு, கை தட்டு என்று ஆடினார்கள். இரண்டாவது வரிசையில், முழங்கால்வரை மடித்த காற்சட்டையோடு, வேர்க்க வேர்க்க, சிவராசா.

மகேஸ்வரி அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. அந்த மனிதர் எல்லோரும் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் திரும்பி, ஒரு சீன அம்மாவோடு முட்டி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆடினார். நான் மகேஸ்வரியைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். தோள் குலுங்கியது. பிறகு தலைப்பும் போதாமல் சத்தமாகவே சிரித்தார்.

"இந்த மனுசன் எங்கட கலியாணப் படத்தில கூடச் சிரிக்கேல்ல" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டை ரேடியோவைக்கூட நிப்பாட்டச் சொல்லுற ஆள்."

சிவராசா எங்களைக் கண்டார். நிறுத்துவார் என்று நினைத்தேன். "இது இனாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கை தட்டி, திரும்பினார்.

சனிக்கிழமை காலை பினாங்கு. மலைமேல் முருகன் கோயில் ஒன்று இருக்கிறது, போகவேண்டும் என்றார் மகேஸ்வரி. சிவராசாவுக்கு முழங்கால் பிடித்துவிட்டது, காரணம் எல்லோருக்கும் தெரியும். அன்டனுக்குப் பினாங்குத் துறைமுகத்தைப் பார்க்கவேண்டும். ஆண்கள் இருவரும் துறைக்குப் பக்கத்திலேயே தோசை தேடிப் போக, நாங்கள் இரண்டு பேரும் விசாரித்து ஒரு பஸ்ஸில் ஏறினோம். மகேஸ்வரி தனியாகப் போவது சரியில்லை என்றுதான் நான் கூடப்போனேன். வேறு எண்ணம் இல்லை.

படிகள் ஏறி முடியாது. செருப்பைக் கீழே விட்டதால் கல் சுட்டது. பாதியில் நான் நின்றேன், அவர் நின்றார், பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம். மேலே கடல் தெரிந்தது. எங்கள் கப்பல் விளையாட்டுச் சாமான் மாதிரிக் கீழே நின்றது. ஐயர் அருச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா" என்றார்.

"துவாரகன். உத்தரம்." மகேஸ்வரி கொஞ்சம் நிறுத்தினார். "ஷெரின்."

அதுவரை அவர் என்னிடம் "உங்கட மகள்" என்றுதான் சொல்லியிருக்கிறார். பெயரை அவர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல்தடவை.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர். மகேஸ்வரி என்னைப் பார்த்தார்.

"எங்க பக்கம் அதெல்லாம் பார்க்கிறதில்ல சாமி" என்றேன். "அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் பிறந்தா. அதுதான் எனக்குத் தெரியும்."

ஐயர் ஒரு நிமிடம் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "அது போதும்மா" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். துவாரகன் பெயருக்குப் பின்னால் ஷெரின் பெயரும் மணியோசையோடு கேட்டது. நான் வேறு கோயிலுக்கு உரியவள்தான். ஆனால் என் பிள்ளைக்காக ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

இறங்கும்போது படியில் உட்கார்ந்து இளைப்பாறினோம். மகேஸ்வரி தானாகவே சொன்னார்.

"மூத்தவன் கனடாவில கலியாணம் எழுதினதை நான் ஃபோனிலதான் பாத்தனான். கொரோனா நேரம், போக வழியில்லை. நல்ல சீலை கட்டிக்கொண்டு ஃபோனுக்கு முன்னால இருந்தனான். இடையில நெட் நிண்டு போச்சு. திரும்பி வரேக்க அவையள் கேக் வெட்டிக்கொண்டிருந்தினம். மோதிரம் போட்டதை நான் காணவே இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "உங்களோட எனக்கு என்ன கோவம்? இவனுக்குத் தாலி கட்டேக்க நான் பக்கத்தில நிண்டு பாக்கோணும். உங்கட கோயிலெண்டால் எனக்கு எங்க நிக்கிறதெண்டே தெரியாது" என்றார்.

என் கழுத்தில் கிடக்கிற தாலியில் ஒரு சின்னப் புறா இருக்கிறது, தூய ஆவியின் அடையாளம். ஷெரினுக்கும் அதே புறா வேண்டும் என்றுதான் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது என் பிடிவாதம் கரைந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை.

சொல்ல நேரமும் இருக்கவில்லை. திரும்ப ஏறிய பஸ் எதிர்த்திசையில் போனது. வீதிகளின் பெயர் எதுவும் பழக்கமில்லாததால் வெகுதூரம் போனபிறகுதான் சந்தேகம் வந்தது. பக்கத்திலிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கேட்டோம். "கப்பலுக்கா? இது விமான நிலையம் போற பஸ்ஸு ஆன்ட்டி" என்றாள். இறங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. டாக்சி கூப்பிட எங்கள் தொலைபேசியில் இணையம் இல்லை, அதுதான் நாலு பேரும் சேர்ந்து வேண்டாம் என்று முடிவெடுத்தோமே. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்று காலையில் ஒலிபெருக்கி சொன்னது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

மகேஸ்வரி வீதியில் இறங்கி, வெள்ளவத்தையில் வாகனம் ஓயாத காலி வீதியைக் குறுக்கே கடக்கிறவரைப்போல ஒரு கையை நீட்டினார். இளநீர் ஏற்றிய ஒரு சின்ன லொறி நின்றது. ஓட்டி வந்தவர் தமிழர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏறுங்கம்மா" என்று முன்னிருக்கையைத் துடைத்துவிட்டார்.

"அக்கா தங்கச்சியா?" என்று வழியில் கேட்டார்.

"சம்பந்திமார்" என்றார் மகேஸ்வரி.

"சம்பந்திங்க ரெண்டு பேரு சேந்து ஊர் சுத்துறத இப்பத்தான் பாக்கிறேன்." அவர் சிரித்துக்கொண்டே குறுக்கு வீதிகளுக்குள் லொறியைத் திருப்பினார். இறங்கும்போது காசை வாங்க மறுத்து, என் கையில் ஓர் இளநீரையும் வைத்தார்.

துறையின் வாசலிலிருந்து கப்பல்வரை நீண்ட பாதை. ஓடினோம். மகேஸ்வரி ஒரு கையில் செருப்பையும் மறு கையில் என் கையையும் பிடித்திருந்தார். என் கக்கத்தில் இளநீர். மழையில் சேலை காலில் சுற்றியது. அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், கப்பலின் தளங்கள் முழுக்க ஆட்கள் கம்பியில் சாய்ந்துகொண்டு கைதட்டுகிறார்கள். பிந்தி வருகிறவர்கள் ஓடுவதைப் பார்க்க நிற்பது கப்பல் பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்காம். நடனக் கூட்டம் முழுவதும் அங்கே நின்றது. "ஓடுங்கள், ஓடுங்கள்" என்று அந்தச் சீன அம்மா தன் மொழியில் கத்தியிருக்கவேண்டும், கை அதைத்தான் சொன்னது.

கப்பலில் ஏறும் பாலத்தின் அடியில் சிவராசா நின்றார். உள்ளே வரும்படி ஓர் அதிகாரி கெஞ்சிக்கொண்டிருந்தார். மனைவி வராமல் ஏறமாட்டேன், விரும்பினால் நீங்கள் போங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் அன்டன், நாலு பேரின் கடவுச்சீட்டையும் பல் துலக்கும் பிரஷையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பினாங்கில் குடியேறத் தயாராக.

"மெதுவா வாரும், விழப்போறீர்" என்றார் சிவராசா. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மனைவியின் கையிலிருந்த செருப்பைத் தான் வாங்கி, குனிந்து, காலடியில் வைத்தார். மேலே கைதட்டல் இன்னும் கூடியது. இளநீரை மட்டும் பாதுகாப்புக்காரர் உள்ளே விடவில்லை. அன்டன் அங்கேயே நின்று குடித்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கடல். பயணிகளில் கோவாவைச் சேர்ந்த ஒரு பாதிரியார் இருந்தார். காலையில் நாடக அரங்கில் பூசை வைப்பதாக அறிவித்தார்கள். நானும் அன்டனும் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், பக்கத்து இருக்கைக்கு மகேஸ்வரி வந்தார். நெற்றியில் விபூதி, பட்டுச் சேலை.

"எப்ப எழும்பிறது, எப்ப இருக்கிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று காதுக்குள் சொன்னார்.

வேலையாட்கள் சிலர் சீருடையோடு பின்னால் நின்று பாடினார்கள். சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது எல்லோரும் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கைகொடுத்தார்கள். மகேஸ்வரிக்கு விளங்கவில்லை. கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். முன் வரிசையிலிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்து, அதுதான் முறை என்று நினைத்து, அவளும் எங்களுக்குக் கைகூப்பினாள்.

பூசை முடிந்து தேநீர் எடுத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தோம். நான் பேச்சை எடுத்தேன்.

"அக்கா, தாலி உங்க கோயில்லயே கட்டட்டும். எங்கள்ட்ட மோதிரம் மாத்தினாப் போதும்."

"இல்லை" என்றார் அவர் உடனே. "நான் யோசிச்சுப் பாத்தனான். உங்கட கோயிலிலயே கட்டட்டும். எனக்குப் பாக்கக் கிடைச்சால் போதும். இண்டைக்குப் பாத்தனான்தானே, எங்க இருக்கிறதெண்டு இப்ப தெரியும்."

"வேணாம் அக்கா. உங்க கோயில்லதான்."

"அதென்ன கதை? பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தது நீங்கள். உங்கட விருப்பம்தான் முதல்."

"நான் சொல்றதைக் கேளுங்க."

"நீங்கள் நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

குரல் ஏறியிருக்கவேண்டும். பக்கத்துக் கதிரையிலிருந்தவர் துவாயை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் இருவரும் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். "போச்சு, திரும்பத் தொடங்கிட்டாங்க" என்று அன்டன் சொன்னது கேட்டது. சண்டை இந்தமுறை எதைப் பற்றி என்று சொன்னோம். பிறகு சிவராசா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, நான் பூச்சியத்திலயிருந்து கேக்கிறன். ஆருக்கு எது வேணும்?" என்றார்.

அப்படித்தான் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் கோயிலில் தாலி. சனிக்கிழமை எங்கள் கோயிலில் மோதிரம், கழுத்திலிருக்கும் தாலிக்குப் பங்குச் சுவாமியின் ஆசீர்வாதம். என் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு மகேஸ்வரி இன்னொன்றும் சொன்னார்: "எங்கட கொடியில தாலிக்குப் பக்கத்தில உந்தப் புறாவையும் கோக்கலாம். இடம் இருக்கு." அதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. அன்டன் நாலு நீலப் பானம் வாங்கிவந்தார். மகேஸ்வரி குடையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, பானத்தைச் சிவராசாவிடம் தள்ளினார். அவர் இரண்டையும் குடித்தார்.

அன்று பின்னேரம் படங்கள் விற்கும் பகுதி வழியாக நடந்தோம். கப்பல்காரரின் படப்பிடிப்பாளர்கள் எடுத்ததையெல்லாம் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். ஒன்றின் விலையைக் கேட்டால் பசி போய்விடும். சிவராசா ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். மழையில் நாங்கள் ஓடுகிறோம். மகேஸ்வரியின் கொண்டை அவிழ்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, நான் இளநீரைக் குழந்தை மாதிரி அணைத்திருக்கிறேன். இரண்டு பேரும் சிரிக்கிறோம். ஓடும்போது சிரித்தோம் என்பது எங்களுக்கே தெரியாது.

"என்ன கோலம் இது, இதை ஆர் வாங்கிறது" என்று மகேஸ்வரி அவரை இழுத்தார்.

சிவராசா சட்டைப் பைக்குள் கையை விட்டார். அந்த அட்டை அதுவரை எந்தக் கடையிலும் வெளியே வந்ததில்லை. "பெரிசு ஒண்டு, பிறேம் போட்டு" என்றார் கடைப் பெண்ணிடம். பிறகு யோசித்து, "ரெண்டு. ஒண்டு கொட்டாஞ்சேனைக்கு."

திங்கட்கிழமை காலை சிங்கப்பூர். இறங்குகிற அன்று கப்பலின் முகம் மாறிவிடுகிறது. உடற்பயிற்சி இல்லை, நடனம் இல்லை. ஆட்கள் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கருமபீடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். "இத்தனை கோப்பியையும் நான் குடித்திருந்தால் இன்னும் தூங்கியிருக்கவே மாட்டேன்" என்று ஒருவர் வாதாடினார். அவர் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கடைசித் தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினோம்.

துறைமுகக் கட்டடத்தில் இணையம் இனாம். தொலைபேசியைத் திறந்ததும் ஷெரினின் அழைப்பு வந்தது. அருகில் துவாரகனும் இருப்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அம்மா, என்னா ஆச்சு? ஒரு மெசேஜ் கூட இல்ல. பேசினீங்களா இல்லையா?"

நான் வாயைத் திறக்கும் முன் மகேஸ்வரி கையை நீட்டினார். தொலைபேசியைக் கொடுத்தேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவள் எதிரில் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஷெரின், நான் மாமி கதைக்கிறன். கூறைச் சீலைக்கு உமக்கு என்ன நிறம் விருப்பம்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று மகேஸ்வரி பயந்து திரையைப் பார்த்தார். நிற்கவில்லை. என் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்ற நிறம், மாமி."

"நான் சொன்னால் சிவப்புத்தான் சொல்லுவன்" என்றார் மகேஸ்வரி. "எனக்காகச் சொல்லாதேயும். நீர்தானே உடுக்கப் போறீர். யோசிச்சுச் சொல்லும், நான் இஞ்ச இருக்கிறன்."